மார்சான் முற்றங்கள்

பெர்லின் நகரத்துக்குப் பிரயாணம் போகிறவர்கள் காண வேண்டிய இடங்களென்று வழிகாட்டிப் புத்தகங்கள் தரும் ஜாபிதாவில் மார்சானுக்குப் பெரும்பாலும் இடமில்லை. இடித்தது போக எஞ்சி நிற்கும் மதிற்சுவர், பிராண்டன்பூர்க் வாயில், அருங்காட்சியகத் தீவு ஆகியவற்றைப் பார்த்து முடித்து, அதற்கு மேலும் அவகாசம் மிச்சமிருந்து, கிழக்கே போகும் டிராமில் கடைசி வரை போய்த்தான் பார்ப்போமே என்ற சபலமும் தட்டினாலொழிய, அந்நிய தேசத்தான் ஒருவன் அங்கே போய்ச் சேர முகாந்திரமில்லை. எனக்கு அந்தச் சபலம் எந்த ஊரிலும் உண்டு. ஒரு நகரத்தின் அரண்மனைகளைக் காட்டிலும், அதன் ஜனங்கள் துணி உலர்த்தும் இடத்தையும், குப்பை கொட்டும் இடத்தையும், குழந்தைகளை விளையாட விடும் இடத்தையும் கண்டால் அந்த ஊரைப் பற்றிச் சற்று நம்பகமான அபிப்பிராயம் ஏற்படும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

நகரின் மையத்திலுள்ள ஹாக்கெஷர் மார்க்ட்டில் புறப்படும் எம்6 டிராம், லாண்ட்ஸ்பெர்கர் அல்லே என்னும் அகன்ற ராஜபாட்டை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. கிழக்கு ஜெர்மனியாகிய ஜெர்மானிய ஜனநாயகக் குடியரசு இருந்த காலத்தில் இந்த வீதிக்கு லெனின் பெயர். குடியரசு மறைந்த சில ஆண்டுகளுக்குள் பெயரும் மறைந்தது. ஆனால், 1978-இல் விண்வெளிக்குச் சென்று மீண்ட முதல் ஜெர்மானியரான ஸிக்மண்ட் யேன் என்பவரையும், அவருடன் பறந்த ருஷ்யரையும் கௌரவிக்க இட்ட ‘விண்வெளி வீரர் வீதி’ என்ற பெயர் மட்டும் மார்சானில் இன்றும் மாறாமல் நிலைத்திருக்கிறது. அரசியல் தலைவர்களைக் காட்டிலும் ஆகாயத்தில் பறந்தவர்களிடம் பிற்காலச் சந்ததியாருக்குத் தாட்சண்யம் அதிகம் போலும்.

பழைய பெர்லினின் ஐந்தடுக்கு வீடுகள் பின்தங்க, இருபுறமும் கட்டடங்கள் திடீரென்று விலகியும் உயர்ந்தும் நிற்கத் தொடங்குமிடத்தில் மார்சான் ஆரம்பமாகிறது. 1973-ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கட்சி, 1990-க்குள் தேசத்தின் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டது. கொத்தனார் செங்கல்லின் மேல் செங்கல் வைத்துக் கட்டும் முறையில் அந்தச் சங்கற்பம் நிறைவேறுமா? ஆகவே, இட்லித் தட்டில் மாவை வார்ப்பது போலத் தொழிற்சாலையில் அச்சில் கான்கிரீட்டை வார்த்து, ஜன்னலும் கதவும் விட்ட சுவர்ப் பலகங்களை, ஆறு டன் எடை வரையில், லாரியிலேற்றிக் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பூட்டும் முறையைக் கைக்கொண்டார்கள். இவ்வகை வீடுகளில் மிகவும் பிரசித்தமான ‘டபிள்யூபிஎஸ் 70’ என்ற மாதிரியில் மட்டும் அந்நாடெங்கும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட குடித்தனங்கள் எழும்பின. மார்சானில் 1977-இல் வேலை தொடங்கியது. 1979-இல் அது தனி மாவட்டமாயிற்று. 1986-இல் அதிலிருந்து ஹெல்லர்ஸ்டார்ஃப் பிரிந்தது. 2001-இல் இரண்டும் மறுபடி சேர்ந்தன. இரண்டிலுமாகப் பலகக் கட்டடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். மார்சானின் பிரதான கட்டடச் சிற்பியாக இருந்தவர் ஹைன்ஸ் கிராஃபுண்டர். நகர மையத்தில் குடியரசு மாளிகையை நிர்மாணித்தவரும் அவரேதான். அவர் கட்டிய மாளிகையைப் பிற்காலத்தில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அவர் வகுத்த குடியிருப்பில் ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நிலத்தைப் பற்றியும் யோசித்தார்களா என்றால், யோசித்தார்கள். ஆனால் அவர்களைக் காட்டிலும் பலமாகப் பாரந்தூக்கி யோசித்தது. அந்த இயந்திரம் தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் ஓடுவது. தண்டவாளம் நேராக இருந்தால்தான் வேலை துரிதமாக நடக்கும். அதன் கை எட்டும் தூரத்தில்தான் சுவரை நிறுத்த முடியும். ஆகவே கட்டடங்கள் நேர்கோட்டில் நீண்டன. இரண்டு கோடுகளுக்கு நடுவே, எவரும் குறிப்பாக ஆசைப்பட்டு அளக்காத ஒரு வெளி விழுந்தது. முற்றமென்று அதைச் சொல்லுவது உபசாரம். வீடுகளை எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டிய அதிகாரிகளுக்கு நிலத்தைச் சீர்செய்வது எப்போதும் இரண்டாவது காரியம்; ஜனங்கள் குடியேறிப் பல மாதங்கள், சில இடங்களில் வருஷங்கள் கழிந்த பின்னரே நடைபாதையும் புல்லும் வந்தன. வீடுகள் வருவதற்கு முன்பும் இந்த நிலத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. நகரத்தின் சாக்கடை நீரைப் பாய்ச்சிய வயல்கள் இந்தப் பக்கத்தில் இருந்தன. 1936-இல் ஒலிம்பிக் விளையாட்டுக்காக நகரைச் ‘சுத்தம்’ செய்த நாஜிகள், சிந்தி, ரோமா மக்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து அடைத்து வைத்த முகாமும் இங்கேயே இருந்தது. அங்கிருந்து பலர் பின்னர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்கொரு நினைவிடம் இருக்கிறது. ஆனால், புதிய வீட்டுக்குக் குடிவந்த காலத்தைப் பற்றி மார்சான்வாசிகளில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லுவது சேற்றைப் பற்றித்தான்: ரப்பர் பூட்ஸ் அணிந்து டிராம் வரையில் நடந்து, அங்கே செருப்பை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போன கதை.

ரௌல் வாலென்பெர்க் வீதியிலுள்ள இருபத்தொரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்தில், இரும்பாலான பார்வை மேடை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நோக்கினால் மார்சானின் ரகசியம் புலனாகிறது. கீழே நடக்கும்போது கான்கிரீட்டாகத் தெரிந்த ஊர் மேலிருந்து பார்க்கையில் பெரும்பகுதி பச்சையாகத் தெரிகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நட்ட மரங்கள் ஐந்தாவது மாடியைத் தொட்டு நிற்கின்றன. கட்டடங்கள் அந்தப் பசுமைக்கு இட்ட கரைகளாகவே காட்சியளிக்கின்றன. இவ்வளவு விஸ்தாரமான நிலம், பெர்லினின் பழைய பகுதிகளில் எந்தச் சீமானுக்கும் வாய்க்காத காற்றும் வெளிச்சமும், இருந்தும் இந்தக் குடியிருப்பு நெடுங்காலம் மனித வாசத்துக்கு உகந்ததல்ல என்ற அபவாதத்தைச் சுமந்ததற்குக் காரணம் என்ன? நிலம் போதாமை அல்ல. நிலத்துக்கு நாதன் போதாமை என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கவே நான் மேடையை விட்டு இறங்கி, கண்ட முற்றங்களிலெல்லாம் நுழைந்து வெளிவந்தேன்.

ஹெல்லர்ஸ்டார்ஃபில் ஒரு முற்றத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர், என்னுடன் வந்த மாணவ நண்பரின் ஜெர்மனை நம்பி, முற்றங்களைப் பராமரித்த அந்தக் காலத்து ஏற்பாட்டை விளக்கமாகச் சொன்னார். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வீட்டுச் சமூகம் இருந்தது. அதற்கொரு நிர்வாகக் குழு. வீட்டு இலாகாவுடன் அந்தக் குழு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, புல் வெட்டுவது, செடி நடுவது, படிக்கட்டைக் கழுவுவது ஆகிய வேலைகளைத் தன் பொறுப்பில் ஏற்றால், அதற்குரிய கூலி பொது நிதியில் சேரும். அந்த நிதியில் கோடைகாலத்தில் முற்றத்தில் மேஜை போட்டு விருந்து நடக்கும். நன்றாகப் பராமரித்த வாசலுக்குத் ‘தேசிய முன்னணி’ என்ற அரசு சார்ந்த அமைப்பு நடத்திய போட்டியில் ‘பொன் வீட்டெண்’ என்ற பட்டயம் பரிசாகக் கிடைக்கும். சனிக்கிழமை காலையில் மண்வெட்டியுடன் இறங்காத ஆணைப் பார்த்து மற்றவர்கள் ஒரு வார்த்தை கேட்பார்கள். இவ்வளவையும் ஆசையுடன் சொல்லி வந்தவர், சற்று நிறுத்தி, வீட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தது என்றார். யார் குடியிருக்கிறார்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கும் விருந்தாளி யார், எத்தனை நாள் என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதுகிறவர் அண்டை வீட்டுக்காரர். அதைப் போலீஸார் வந்து பார்ப்பார்கள். மண்வெட்டி பிடித்த கையும் அந்தப் பேனா பிடித்த கையும் சில வீடுகளில் ஒன்றாகவே இருந்திருக்கும். அந்த நாளைய ஒற்றுமையை நினைந்து கண் கலங்குகிறவர்களும், அதை வெறும் ஒற்று வேலையென்று தள்ளுகிறவர்களும் பாதி உண்மையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஹெல்லர்ஸ்டார்ஃபிலேயே, ஒரு மூன்றறை வீட்டை அந்தக் காலத்து மேஜை, நாற்காலி, பாத்திரம், சுவர்த்தாளுடன் அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். விஸ்தீரணம் 60 சதுர மீட்டருக்குச் சற்று மேல்; வாடகை நூறு மார்க்குக்குச் சற்று மேல். வெந்நீரும், நீராவிச் சூடும், உள்ளேயே குளியலறையும் உள்ள இந்த வீடு, நிலக்கரி அடுப்பும் படிக்கட்டு நடுவே பொதுக் கக்கூஸும் உள்ள பழைய பெர்லின் வீட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு என்ன சந்தோஷத்தைக் கொடுத்திருக்கும் என்பதை, மார்சானைப் பரிகாசம் செய்கிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து யோசித்துப் பார்க்கலாம். வீட்டில் குறையில்லை. வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் குறை ஆரம்பமாயிற்று.

1990-க்குப் பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் மாறியது. வீட்டு இலாகா கம்பெனியாயிற்று, ஒப்பந்தங்கள் காலாவதியாயின, புல் வெட்ட இயந்திரத்துடன் கூலியாட்கள் வந்தார்கள். ஒரு கார் வாங்கப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த தேசத்தில் இப்போது ஒவ்வொரு குடும்பமும் கார் வாங்க, அவை முற்றங்களிலும் புற்றரைகளிலும் ஏறி நின்றன. ஆலைகள் மூடின, வசதியுள்ளவர்கள் புறநகரில் சொந்த வீடு கட்டிக்கொண்டும், இளைஞர்கள் மேற்கே வேலை தேடியும் வெளியேறினார்கள். கிழக்கு ஜெர்மனி முழுவதிலும் பத்து லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன என்று அரசாங்கம் நியமித்த கமிஷன் 2000-இல் அறிவித்தது. 2002-இல் சமஷ்டி அரசாங்கம் ‘கிழக்கு நகரப் புனரமைப்பு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மிஞ்சிய வீடுகளை இடிக்கவும், மீதியைச் செம்மைப்படுத்தவும் பணம் கொடுத்தது. காலக்கிரமத்தில் சுமார் மூன்று லட்சம் வீடுகள் இடிக்கப்பட்டன. மார்சானில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களென்று பள்ளிக்கூடங்களையும் குழந்தைக் காப்பகங்களையும்கூட இடித்தார்கள். இன்று அதே மாவட்டத்தில் பள்ளியில் இடம் போதவில்லை. ஜனத்தொகைக் கணக்கை நம்பி இடிக்கிறவர்கள் கட்டுகிறவர்களைவிட நிதானமாக இருக்க வேண்டும்.

முதலில் வந்தது வர்ணம். சுவருக்கு மேல் வெப்பத்தைக் காக்கும் உறை போர்த்து, அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு, இளநீலம் என்று பூசினார்கள். உறையினால் வீட்டுக்குள் குளிர் குறைந்தது, அது பெரிய லாபம். வர்ணத்தினால் ஊருக்கு என்ன லாபமென்று எனக்கு விளங்கவில்லை. வர்ணம் மங்கிய கட்டடத்தின் அடியில் செழிப்பான முற்றமும், பளபளக்கும் கட்டடத்தின் அடியில் சிகரெட் துண்டும் உடைந்த புட்டியும் சிதறிய முற்றமும் ஒரே வீதியில் இருக்கக் கண்டேன்.

வர்ணத்தைவிடத் துணிச்சலான வைத்தியத்தை வடமார்சானில் செய்தார்கள். அஹ்ரென்ஸ்ஃபெல்ட் மாடிவரிசை என்று இப்போது பெயர் பெற்ற இடத்தில், பதினோரு அடுக்கில் நின்ற கட்டடங்களின் மேல்மாடிகளை, ஏற்றிய பாரந்தூக்கியாலேயே இறக்கி, மூன்று முதல் ஆறு அடுக்கு வரையில் ஏற்றத்தாழ்வாகக் குறைத்தார்கள். 2005 வாக்கில் வேலை முடிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட குடித்தனங்கள் இருந்த இடத்தில் சுமார் 450 எஞ்சின. வெட்டிய இடமெல்லாம் மொட்டைமாடித் தோட்டமாயிற்று. சீதோஷ்ணம் ஒத்துக்கொண்ட மாலையில் நான் அங்கே நடந்தபோது, பால்கனிகளில் திராட்சைக்கொடியும் தக்காளியும் தொங்கின. தெருவில் போகிற என்னைப் பார்த்து மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் தலையசைத்து வணக்கம் சொன்னார். பதினோராவது மாடியிலிருந்து அது சாத்தியமில்லை. உயரம் குறைந்ததில் கிடைத்த மெய்யான நன்மை அழகல்ல. கீழே நடப்பவன் யாரென்று மேலே இருப்பவனுக்கு முகம் தெரிவதுதான். இருந்தாலும் இதற்கு ஆன செலவை நினைத்தால், ஆயிரம் வீடுகளைக் கழித்துத்தான் ஒரு வணக்கத்தைப் பெற வேண்டுமா என்ற கேள்வியும் எழாமலில்லை.

அதைவிட எளிய வழியை ஹெல்லர்ஸ்டார்ஃப் முற்றங்களில் கண்டேன். 1989 ஜூலையில், அதாவது மதில் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், நிலத்தடி ரயிலின் ஐந்தாம் பாதை இங்கே வந்து சேர்ந்தபோது, பல முற்றங்கள் வெறும் மண்ணாகக் கிடந்தன. மார்சானைப் போலன்றி இங்கே கட்டடங்கள் ஐந்தும் ஆறும் அடுக்கே உயர்ந்து, நாற்புறமும் சூழ்ந்து, ஒரு முற்றத்தைத் தங்களுக்குள் அடக்கி நிற்பவை. ஆகவே மருந்து சீக்கிரம் பிடித்தது. சில கட்டடங்களில் தரைத்தளத்து வீட்டின் பால்கனிக் கம்பியை அறுத்து, இரண்டு மூன்று படிகள் வைத்து, நேரே முற்றத்தில் இறங்க வழி செய்திருக்கிறார்கள். இறங்குமிடத்தில் சிறு வேலி கட்டிய தோட்டத்துண்டு ஒன்றை அந்த வீட்டுக்காரரின் வாடகையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நுழையக்கூடிய வாசல்களைச் சில இடங்களில் மறுபுறமும் திறந்து, வீதியிலிருந்து முற்றத்துக்கு நேரான நடையாக்கியிருக்கிறார்கள். கார்கள் முற்றத்துக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. குப்பைத் தொட்டிகளுக்குக் கொடி படர்ந்த அடைப்பு. துணி உலர்த்தும் கம்பங்களையும், ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு அடிக்கும் இரும்புச் சட்டத்தையும் சில முற்றங்களில் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள். இன்று அதில் ஜமக்காளம் அடிப்பார் இல்லை, ஆனால் முப்பது வருஷத்துக் குழந்தைகள் தலைகீழாகத் தொங்கிய சட்டம் அது, இப்போதும் தொங்குகிறார்கள்.

இந்த வேலிகளைப் பற்றித்தான் நான் வெகுநேரம் யோசித்தேன். எல்லாருக்கும் சொந்தமென்று சாசனம் செய்த நிலத்தில் பத்தடிக்குப் பத்தடியாக ஒருவருக்கு வேலி கட்டிக் கொடுப்பது, கொள்கை என்ற அளவில் பார்த்தால், பொதுநிலம் குறைவதுதான். கண் முன்னால் நடப்பதோ வேறு. தன் துண்டில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட வெளியே வருகிறவர் மாலை முழுவதும் முற்றத்தில் இருக்கிறார். வேலிக்கு வெளியே கிடக்கும் காகிதத்தையும் பொறுக்கிப் போடுகிறார். வேலிமேல் கை வைத்துப் பேச ஒருவர் நிற்கிறார். பேச்சுக் கேட்கும் இடத்தில் குழந்தைகளை விளையாட விட மேல்மாடித் தாய்மார்களுக்குத் தைரியம் வருகிறது. ஒரு முற்றத்தைச் சுற்றி எத்தனை வாசல்கள் என்பதும் முக்கியம்: எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியக்கூடிய அளவில் முற்றம் இருந்தால் அது பிழைக்கிறது, ஆயிரம் பேர் குறுக்கே நடக்கும் வெளிக்கு எவ்வளவு விளக்குக் கம்பம் நட்டாலும் போதுவதில்லை. மேல்மாடிக்காரர்களுக்குத் தோட்டம் கிடையாதே, இது நியாயமா என்று மூதாட்டியாரைக் கேட்டேன். அவர் நான்காவது மாடியில் குடியிருப்பவர். “நியாயமில்லைதான். ஆனால் கீழ்வீட்டுக்காரன் வருஷம் முழுவதும் வேலை செய்கிறான், நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். யாருக்கு லாபம்?” என்று திருப்பிக் கேட்டார்.

மார்சானின் புகழ்பெற்ற உலகத் தோட்டங்களையும் பார்க்காமல் வரவில்லை. 1987-இல் பெர்லினின் 750-ஆம் ஆண்டு விழாவுக்குக் கிழக்குப் பகுதி தன் பங்காக அமைத்த மலர்க்காட்சி நிலத்தில், 2000-இல் பீக்கிங்கிலிருந்து தொழிலாளர்கள் வந்து சீனத் தோட்டம் ஒன்றை நிர்மாணித்தார்கள். பின்னர் ஜப்பானியத் தோட்டமும் வேறு பலவும் சேர்ந்தன. 2017-இல் சர்வதேசத் தோட்டக் கண்காட்சி நடந்தபோது கீன்பெர்க் குன்றின் மேலாகக் கம்பிவட ஊர்தியும் வந்தது. எல்லாம் நேர்த்தி. உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும். வாங்கியவர்களில் பலர் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள். ஊருக்கு ஒரு கௌரவம் இதனால் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. முற்றத்துக்கு இது பதிலாகாது.

கட்டடங்களைக் குறைக்கும் வைத்தியத்தை வேறோரிடத்திலும் பார்க்கத் துரிங்கியா மாகாணத்திலுள்ள லைனெஃபெல்டே என்ற சிற்றூருக்கும் ரயிலேறிப் போனேன். 1960-களில் பிரம்மாண்டமான பஞ்சு நூற்பாலை ஒன்றுக்காகச் சில ஆயிரம் ஜனங்கள் மட்டுமே இருந்த கிராமத்தைப் பலகக் கட்டடங்களால் நகரமாக்கினார்கள். 1990-க்குப் பின் ஆலை போயிற்று, ஜனங்களில் பலரும் போனார்கள். அங்கே ஸ்டீஃபான் ஃபோர்ஸ்டர் என்ற கட்டடச் சிற்பி 180 மீட்டர் நீளமுள்ள ஒரே கட்டடத்தை, நடுநடுவே துண்டுகளை அகற்றி, எட்டுத் தனி வீடுகளாக நிறுத்திய அதிசயத்தை உலகமெங்குமிருந்து நிபுணர்கள் வந்து பார்க்கிறார்கள். 2007-இல் உலக வாழ்விடப் பரிசும் அவ்வூருக்குக் கிடைத்தது. நிபுணர்கள் வெட்டிய விதத்தைப் புகைப்படமெடுக்கிறார்கள். எனக்கோ, வெட்டியதனால் உண்டான சந்துகளும், ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் இது இன்ன வீட்டாரின் நிலமென்று ஐயமின்றித் தெரியும்படி விழுந்த எல்லையுமே பெரிதாகப் பட்டன.

பெர்லினில் இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. காலியாகக் கிடந்த வீடுகள் நிறைந்துவிட்டன. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்களும், உக்ரைன், சிரியா முதலிய தேசங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களும் மார்சானில் வீடு கேட்கிறார்கள். மேற்படி மாவட்டத்தில் கால்களைப் பராமரிக்கும் தொழில் செய்துகொண்டே அங்குள்ள முதியவர்களின் வாழ்க்கையைப் புத்தகமாக்கிய கட்யா ஓஸ்காம்ப்புக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக 2023-இல் டப்ளின் இலக்கியப் பரிசு கிடைத்தது. மார்சானைப் பற்றிப் பேசுவது நாகரிகமாகிவிட்டதற்கு இதுவும் ஓர் அடையாளம். வீடு கட்ட நிலம் வேண்டுமே என்று கணக்குப் பார்த்த கம்பெனிகளின் கண், ஏற்கெனவே குழாயும் மின்சாரமும் டிராமும் வந்திருக்கும் முற்றங்களின் மேல் விழுந்திருக்கிறது. முற்றத்து நடுவே புதுக் கட்டடம் எழும்பும் திட்டங்களுக்கு எதிராகக் கிழக்குப் பெர்லினின் பல பகுதிகளில் குடியிருப்போர் சங்கம் சேர்த்து வாதாடுகிறார்கள். ஒரு காலத்தில் எவரும் உரிமை பாராட்டாத அந்த மிச்ச நிலத்துக்காக, இன்று கிழவர்களும் கைக்குழந்தைத் தாய்மார்களும் மாவட்ட சபையில் எழுந்து நின்று மரங்களின் வயதைச் சொல்லுகிறார்கள். வீடில்லாதவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் அந்தச் சபையில் வந்து பேசுவதில்லை, ஏனெனில் அவர்கள் இன்னும் அவ்வூர்வாசிகள் அல்லர்.

மூதாட்டியாரிடம் விடைபெறும்போது, இந்த முற்றத்தில் கட்டடம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தம் பேத்தி கலியாணமாகி இரண்டு வருஷமாக வீடு தேடுவதாகவும், வீடுகள் கட்டாயம் கட்டத்தான் வேண்டுமென்றும், ஆனால் இங்கே வேண்டாம், பக்கத்து முற்றத்தில் கட்டிக்கொள்ளட்டுமென்றும் அவர் சொன்னார். பக்கத்து முற்றம் வழியாகத்தான் நாங்கள் ரயிலடிக்குப் போனோம். அங்கே ஒவ்வொரு வாசற்கதவிலும், ஆட்சேபணை மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது.